உடும்புப் பிடியும் தளரும்: ஜூடோ வீராங்கனையரின் கைகள் கற்பிப்பவை

2021-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள், டோக்கியோ நகரின் நிப்பான் புடோக்கான் அரங்கில் ஒலிம்பிக் மகளிர் ஜூடோ 70 கிலோ எடைப் பிரிவின் அரையிறுதி நடைபெற்றது. ஜப்பானின் சிசுரு அராயும் ரஷ்யாவின் மதினா தைமசோவாவும் மோதினர். ஜூடோவில் ஒரு போட்டிக்குரிய நேரம் 4 நிமிடங்கள். அதற்குள் வெற்றி தோல்வி முடிவாகாவிட்டால், முடிவு காணும்வரை கால வரையறையின்றி ஆட்டம் நீளும். அன்றைய ஆட்டம் 16 நிமிடங்களையும் கடந்து சென்றது. இறுதியில் அராயின் கழுத்து நெரிப்புப் பிடியில் தைமசோவா சில கணங்கள் நினைவிழக்க, ஆட்டம் முடிந்தது. அராய் அன்றே இறுதிப் போட்டியிலும் வென்று தங்கம் பெற்றார். தைமசோவா அதே நாளில் மீண்டும் களமிறங்கி வெண்கலம் வென்றார்.

இத்தகைய நீண்ட ஆட்டங்களைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். நடுவர் ஆட்டத்தை நிறுத்தும்போதெல்லாம் வீராங்கனையர் கைகளைத் தொங்கவிட்டு உதறிக்கொள்வார்கள். விரல்களை விரித்து மடக்குவார்கள். கால்களில் வலு இருக்கும். மூச்சும் ஓரளவு சீராக இருக்கும். ஆனால் எதிராளியின் உடையைப் பற்றிய விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்க மறுக்கும்.

மருத்துவமனை இதழில் இந்தச் செய்தி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வுப் பிரிவுக்கு வருபவர்கள் நாள்தோறும் சொல்வதும் இதைத்தான். 'குடத்தைத் தூக்கினால் பாதி வழியில் கை விட்டுவிடுகிறது', 'துணி பிழிய முடியவில்லை', 'பாட்டில் மூடியைத் திறக்கப் பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது' என்கிறார்கள். சொல்லும்போது பலர் தலைகுனிகிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் அதைச் சோம்பல் என்றோ, மனத்தளர்ச்சி என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். உலகின் மிக வலிய பெண்களுடைய கைகள் எவ்வாறு களைக்கின்றன என்பதை அறிந்துகொண்டால், நம் வீட்டுக் கைகளின் களைப்பையும் நியாயமாகப் புரிந்துகொள்ளலாம். இந்தப் பாடத்தின் நோக்கம் அதுவே.

ஜூடோவில் பிடியின் இடம்

ஜூடோவை 1882-ஆம் ஆண்டில் ஜப்பானியக் கல்வியாளர் ஜிகோரோ கானோ தோற்றுவித்தார். ஒலிம்பிக்கில் மகளிர் ஜூடோ 1988-இல் சியோல் நகரில் காட்சிப் போட்டியாகவும், 1992-இல் பார்சிலோனாவில் பதக்கப் போட்டியாகவும் இடம்பெற்றது. இன்று மகளிர்க்கு 48 கிலோ முதல் 78 கிலோவுக்கு மேற்பட்டோர் வரை ஏழு எடைப் பிரிவுகள் உள்ளன.

இந்த விளையாட்டில் அடிப்பதும் உதைப்பதும் இல்லை. 'ஜூடோகி' என்னும் தடித்த பருத்தி உடையின் கழுத்துப் பட்டையை ஒரு கையாலும், முழங்கையருகே சட்டைக் கையை மறு கையாலும் பற்றி, எதிராளியின் நிலையைக் குலைத்து, முதுகு தரையில் படும்படி வீழ்த்த வேண்டும். பிடிக்கும் கலைக்கு 'குமி-காட்டா' என்று பெயர். வீசுவதற்கு இடுப்பும் கால்களும் வலுவூட்டினாலும், அந்த வலு எதிராளியைச் சென்றடைவது பிடியின் வழியாகத்தான். பிடி நழுவினால் இடுப்பில் எவ்வளவு வலு இருந்தும் பயனில்லை.

ஆட்டம் ஓடும் விதமும் கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ 20 முதல் 30 நொடிகள் கடும் போராட்டம், பிறகு சுமார் 10 நொடிகள் இடைவெளி, மீண்டும் போராட்டம். முயற்சி நேரத்தைவிட ஓய்வு நேரம் எப்போதும் குறைவு. ஒரே நாளில் ஐந்து ஆட்டங்கள் வரை ஆடவேண்டி வரலாம். கைகள் முழுமையாகத் தேறுவதற்கு முன்பே அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பு வந்துவிடும்.

விரலை இயக்குவது விரல் அன்று

இப்போது இதழைக் கீழே வைத்துவிட்டு ஒன்றைச் செய்து பாருங்கள். இடக்கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, இலேசாகப் பற்றிக்கொள்ளுங்கள். வலக்கை விரல்களை இறுக மடக்கித் திறங்கள். உங்கள் இடக்கையின் கீழே தசைகள் திரள்வது தெரியும். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளில் முடிகின்றன. பொம்மலாட்டத்தில் கயிற்றை இழுப்பவர் மேலே நிற்பதைப் போன்ற ஏற்பாடு இது.

இன்னொன்றும் செய்யலாம். மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக முழுவதும் மடக்கி, அந்த நிலையில் விரல்களை இறுக்கிப் பாருங்கள். பிடி வலுவிழந்து போகும். மணிக்கட்டைச் சற்றே பின்பக்கம் நிமிர்த்தி இறுக்கினால் வலு திரும்பும். முன்கையின் மேற்புறத் தசைகள் மணிக்கட்டை நிமிர்த்தி நிறுத்தினால்தான் கீழ்ப்புறத் தசைகளால் விரல்களை முழு வலுவுடன் மடக்க முடியும். ஆகவே பிடி தளர்வதற்கு மடக்கும் தசைகளின் களைப்பு மட்டுமன்றி நிமிர்த்தும் தசைகளின் களைப்பும் காரணமாகலாம். சமையலறையிலும் ஜூடோ அரங்கிலும் இந்த விதி ஒன்றே.

களைப்பு எங்கிருந்து வருகிறது?

நடக்கும்போது கால் தசைகள் சுருங்கி விரிகின்றன. ஒவ்வொரு முறை விரியும்போதும் புதிய இரத்தம் உள்ளே வருகிறது. பிடித்துக்கொண்டே இருக்கும் கைக்கு அந்த வாய்ப்பில்லை. இறுகிய தசை, தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. பிடி எவ்வளவு இறுக்கமோ, இரத்த ஓட்டம் அவ்வளவு குறையும். ஆக்சிஜன் வருவதும் கழிவு வெளியேறுவதும் தடைப்படும்.

தசை முதலில் தன் கைவசமுள்ள பாஸ்போகிரியேட்டின் என்னும் சேமிப்பைச் செலவிடுகிறது. கடும் முயற்சியில் அது சில நொடிகளிலேயே பெருமளவு கரைந்துவிடும். அடுத்து, ஆக்சிஜன் இல்லாமலேயே சர்க்கரையை எரிக்கும் வழி முடுக்கிவிடப்படுகிறது. இவ்வேலைகளின்போது பாஸ்பேட்டும் ஹைட்ரஜன் அயனிகளும் தசைக்குள் குவிகின்றன. தசையிழைகள் சுருங்குவதற்குத் தேவையான கால்சியத்தின் செயல்பாடு அதனால் மந்தமாகிறது. மூளை கட்டளையிட்டும் இழை முன்போல் சுருங்குவதில்லை.

இங்கே ஒரு பழைய தவறான கருத்தைத் திருத்த வேண்டும். களைப்புக்கும் மறுநாள் வலிக்கும் 'லாக்டிக் அமிலம்' காரணம் என்று பலரும் நம்புகின்றனர். உண்மையில் லாக்டேட்டை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. உழைப்பு நின்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் அதன் அளவு இயல்புக்குத் திரும்பிவிடும். மறுநாள் வரும் வலி, பழக்கமில்லாத உழைப்பால் தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவின் விளைவு.

களைப்பின் மற்றொரு பகுதி தசைக்கு வெளியே நிகழ்கிறது. தசையிலிருந்து வரும் எச்சரிக்கைகளைக் கேட்டு, மூளையும் தண்டுவடமும் தசைக்கு அனுப்பும் தூண்டலைக் குறைக்கின்றன. உறக்கமின்மை, காய்ச்சல், நாள்பட்ட அழற்சி, வலி, மனச்சோர்வு ஆகியவை இந்தக் குறைப்பை விரைவுபடுத்தும். 'மனம் வைத்தால் முடியும்' என்ற அறிவுரை ஓர் எல்லைவரைதான் செல்லும். அந்த எல்லைக்கு அப்பால் இருப்பது உடலியல்.

வலிமை வேறு, தாங்குதிறன் வேறு

ஜூடோ வீரர்களையும் வீராங்கனையரையும் ஆராய்ந்தவர்கள் கண்ட செய்தி ஒன்று எங்கள் சிந்தனையை மாற்றியது. அவர்களுடைய உச்சப் பிடிவலிமை, அதாவது ஒரே ஒரு முறை முழு வலுவுடன் அழுத்தும் அளவு, நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு வியப்பூட்டுவதாக இல்லை. அவர்கள் தனித்து நிற்பது தாங்குதிறனில்தான். எத்தனை முறை, எவ்வளவு நேரம், எவ்வளவு குறைந்த தேய்மானத்துடன் அதே பிடியை மீண்டும் மீண்டும் தர முடிகிறது என்பதே அவர்களைப் பிறரிடமிருந்து வேறுபடுத்துகிறது. இதனால்தான் ஜூடோ பயிற்சியாளர்கள், கம்பியில் சுற்றிய ஜூடோகி உடையைப் பற்றித் தொங்கவைத்தும், அதைப் பிடித்தபடியே உடலை மேலே இழுக்கவைத்தும் கைகளைச் சோதிக்கின்றனர். அடுத்தடுத்த ஆட்டங்களுக்குப் பின் அளந்தால், தேர்ந்தவர்களுடைய பிடிவலிமையும் குறைகிறது. உடும்புப் பிடியும் தளரும். ஓய்வுக்குப் பின் திரும்பவும் வரும்.

பெண்களின் உடல் பற்றிய உண்மை ஒன்றும் இங்கே சொல்லத்தக்கது. சராசரியாகப் பெண்களின் உச்சப் பிடிவலிமை ஆண்களைவிடக் குறைவு. ஆனால் ஆணும் பெண்ணும் தத்தம் உச்ச வலிமையில் பாதி அளவை விடாமல் பிடிக்கச் சொன்னால், பொதுவாகப் பெண்களே நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கின்றனர். இரத்தக் குழாய்கள் அவர்களுக்குக் குறைவாக நெரிபடுவதும், மெதுவாகக் களைக்கும் தசையிழைகளின் பங்கு கூடுதலாக இருப்பதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. வீட்டில் நாள் முழுதும் ஓயாமல் இயங்கும் கைகளைக் கண்டவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

எங்களுக்குக் கிடைத்த பாடம்

தேசிய அளவில் ஆடும் ஜூடோ வீராங்கனை ஒருவர் எங்களிடம் வந்தார். வயது 19. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறோம். முதல் ஆட்டத்தில் பிடி நன்றாக இருக்கிறது, மூன்றாம் ஆட்டத்தில் விரல்கள் திறந்துகொள்கின்றன என்பது அவருடைய குறை. பயிற்சிக்களத்தில் 'உழைப்பு போதவில்லை' என்று சொல்லிக் கயிறு ஏறும் பயிற்சியை இருமடங்காக்கியிருந்தார்கள். அவரை அழைத்து வந்தவர் அவருடைய அம்மாச்சி, வளர்த்தவரும் அவரே.

பிடிவலிமைமானியில் மூன்று முறை அழுத்தச் சொன்னோம். உச்ச அளவு 31 கிலோ. 'கையில் குறையேதும் இல்லை' என்று சொல்லி, முன்கைப் பயிற்சிகள் சிலவற்றைக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிட்டோம்.

ஆறு வாரங்கள் கழித்து அவர் திரும்ப வந்தார். நிலைமை மோசமாகியிருந்தது. இம்முறை, சிறு இடைவெளிகள் விட்டு, அடுத்தடுத்துப் பன்னிரண்டு முறை அழுத்தச் சொன்னோம். முதல் அளவு 30 கிலோ; பன்னிரண்டாம் அளவு 17. அழுத்தி முடித்ததும் அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். கீழிமையை விலக்கிப் பார்த்தால் வெளிறியிருந்தது. தனியே பேசியபோது, மாதவிடாய் நின்று ஐந்து மாதங்கள் ஆகியிருப்பதைச் சொன்னார். அவருடைய இயல்பான எடை 52 கிலோவை ஒட்டியது. 48 கிலோ பிரிவில் ஆடுவதற்காக ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் உணவையும் நீரையும் குறைத்து வந்திருக்கிறார். எடை குறைந்தால் மாதவிடாய் நிற்பது இயல்புதான் என்று தோழியர் சொன்னதை நம்பி, வீட்டில் சொல்லாமல் இருந்துவிட்டார்.

ஹீமோகுளோபின் 9.8 கிராம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மிகக் குறைவு. மாதவிடாய் நிற்பதற்கான பிற காரணங்கள் இல்லை என்பதை மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவர் உறுதிசெய்தார். உழைப்புக்கு ஈடான உணவு இல்லாதபோது உடல் தன் பிற பணிகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்ளும் நிலை இது. மாதவிடாய், எலும்பின் உறுதி, நோய் எதிர்ப்பு, தசை தேறுதல் ஆகிய எல்லாம் பாதிக்கப்படும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ஆம் ஆண்டு இந்நிலைக்குத் தனிப்பெயரிட்டு எச்சரித்தது.

நாங்கள் செய்த பிழையை இங்கே ஒப்புக்கொள்கிறோம். கை குறித்துச் சொன்னதால் கையை மட்டுமே பார்த்தோம். உச்ச வலிமையை அளந்துவிட்டு, அவர் குறையாகச் சொன்ன தாங்குதிறனை அளக்கவில்லை. முதல் நாளே மாதவிடாய் குறித்தும் உணவு குறித்தும் கேட்டிருந்தால் ஆறு வாரங்கள் வீணாகியிருக்கா.

இரும்புச்சத்து மருந்தும், உணவியல் வல்லுநரின் திட்டமும், பயிற்சியில் தற்காலிகக் குறைப்பும் தொடங்கின. நீண்ட உரையாடலுக்குப் பின் அவர் 52 கிலோ பிரிவுக்கு மாறச் சம்மதித்தார். நான்கு மாதங்களில் மாதவிடாய் திரும்பியது, ஹீமோகுளோபின் 12.1 ஆனது. உச்சப் பிடிவலிமை 32 கிலோ, அதாவது முன்பிருந்ததிலிருந்து ஏறக்குறைய மாற்றமில்லை. ஆனால் பன்னிரண்டாம் அழுத்தம் 25 கிலோவாக உயர்ந்திருந்தது. முன்பு குறைந்திருந்தது எது என்பதை அந்த ஓர் எண் காட்டியது.

அம்மாச்சியின் கை

இரண்டாம் வருகையின்போது, பேத்தி அழுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாச்சி, 'என்னாலும் முடியுதான்னு பார்க்கட்டுமா?' என்று சிரித்தபடி கேட்டார். வயது 67. மூன்று முயற்சிகளில் உயர்ந்த அளவு 14 கிலோ.

ஆசிய நாடுகளின் தசைநலிவு ஆய்வுக் குழு 2019-இல் வகுத்த வரையறைப்படி, முதியோரில் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் குறைந்த பிடிவலிமை, தசைநலிவு இருக்கலாம் என்பதன் அறிகுறி. விசாரித்தபோது, ஓராண்டாக ஈரத் துணியைப் பேத்திதான் பிழிந்து தருகிறாள் என்றும், நாற்காலியிலிருந்து எழ மேசையைப் பற்ற வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். பேத்திக்கென அவித்த முட்டையைப் பேத்தி எடைக்கு அஞ்சித் தவிர்க்க, அம்மாச்சியோ அது பிள்ளைக்கு உரியது என்று தொடாமல் இருந்திருக்கிறார். ஒரே வீட்டில் இரு கைகளும் ஒரே காலத்தில் தளர்ந்துகொண்டிருந்தன. ஒருவர் கையைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்பட்டனர்.

பராமரிப்பவர்களே, இந்தப் பகுதி உங்களுக்கானது. நோயாளியைத் தூக்கி அமர்த்துவதும், குளிப்பாட்டுவதும், மருந்துப் புட்டியைத் திறப்பதும் உங்கள் கைகள்தாம். நோயாளியுடன் வரும்போது உங்கள் பிடிவலிமையையும் அளக்கும்படி கேளுங்கள். சில நிமிடங்களில் முடியும் சோதனை இது. அமர்ந்து, மேற்கையை உடலோடு ஒட்டி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே சிறிது ஓய்வெடுத்து, மூன்று முறை அழுத்த வேண்டும், அவ்வளவே.

பிடிவலிமை கையை மட்டும் குறிப்பதன்று. 17 நாடுகளில் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், பிடிவலிமை 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பந்தை அழுத்தி ஆயுளைக் கூட்டிவிடலாம் என்றும் பொருளில்லை. காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியைப் போல, உடல் முழுவதன் தசைநிலை, ஊட்டம், நோய்ச்சுமை ஆகியவற்றைப் பிடிவலிமை காட்டுகிறது. அளவு குறைந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

வீட்டில் பின்பற்றத்தக்கவை

தேர்ந்த வீராங்கனை ஆட்டம் முழுவதும் முழு வலுவுடன் பிடித்திருப்பதில்லை. வீசும் கணத்தில் இறுக்குவார். பிற நேரங்களில் பிடி விலகாத அளவுக்கு மட்டும் பற்றியிருப்பார். கையின் வேலையை இடுப்புக்கும் காலுக்கும் பகிர்ந்தளிப்பார். இந்த இரண்டு பழக்கங்களையும் நாம் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

1. வேலையைப் பிரித்துச் செய்யுங்கள். ஒரு வாளித் துணியை ஒரே மூச்சில் பிழியாமல், நான்கைந்து துணிக்கு ஒருமுறை கைகளைத் தளரவிட்டு விரல்களை விரியுங்கள். அந்தச் சில நொடிகளில்தான் தசைக்கு இரத்தம் திரும்பி வருகிறது.

2. பையை விரல்களில் தொங்கவிடாமல் முன்கையிலோ தோளிலோ மாட்டுங்கள். குடத்தை இடுப்பில் ஏற்றுங்கள். பாத்திரத்தை இரு கைகளாலும் தூக்குங்கள்.

3. மெல்லிய கைப்பிடிகளைத் தடிமனாக்குங்கள். கரண்டி, கத்தி, பேனா ஆகியவற்றின் பிடியில் துணியைச் சுற்றிக் கட்டினாலே குறைந்த வலுவில் பிடிக்க முடியும்.

4. பிடிப் பயிற்சி: சுருட்டிய சிறு துண்டையோ மென்பந்தையோ 3 முதல் 5 நொடிகள் அழுத்தி, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். பத்து முறை போதும். ஒன்றுவிட்டு ஒரு நாள் தொடங்கலாம். அழுத்தும்போது மூச்சை அடக்காதீர்கள். இரத்த அழுத்தம் திடீரென உயரும்.

5. மடக்கும் தசைகளுக்கு மட்டும் பயிற்சி தந்தால் போதாது. விரல் நுனிகளைச் சுற்றி ஓர் இரப்பர் வளையத்தை மாட்டி, விரல்களை விரிக்கும் பயிற்சியும் சேரட்டும்.

6. கையை மட்டும் வலுப்படுத்த முயலாதீர்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதும், நாள்தோறும் நடப்பதும் இதே சிகிச்சையின் பகுதிகள்.

7. ஒவ்வொரு வேளை உணவிலும் பருப்பு, பயறு, முட்டை, பால், மீன் போன்ற புரதம் ஏதேனும் இருக்கட்டும். சிறுநீரக நோயாளிகள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். இரும்புச்சத்துக் குறைவாக உள்ளவர்கள் உணவோடு தேநீரும் காப்பியும் அருந்துவதைத் தவிர்க்கவும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவை இரும்பு உட்கிரகிக்கப்பட உதவும். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரைகளை உட்கொள்ள வேண்டாம்.

அண்மையில் மாரடைப்பு, கண் அறுவை, கை அறுவை ஆகியவற்றுக்கு உள்ளானவர்கள், டயாலிசிசுக்காகக் கையில் இரத்தக்குழாய் இணைப்புச் செய்துகொண்டவர்கள், மூட்டுகள் வீங்கிச் சிவந்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

உழைத்தபின் வந்து, உறங்கி எழுந்தால் போகும் களைப்பு இயல்பானது. பின்வருபவை அவ்வாறல்ல.

ஒரு பக்கக் கை திடீரென வலுவிழத்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல்: இவை பக்கவாதத்தின் அறிகுறிகள். நொடியும் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள்.

இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போதல், பொருட்கள் நழுவுதல்: மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதைக் குறிக்கலாம். நீரிழிவு, தைராய்டு குறைபாடு உள்ளவர்களிடமும் கருவுற்ற பெண்களிடமும் இது மிகுதி.

காலையில் நன்றாக இருந்து, மாலையில் இமைகள் சரிதல், பொருள்கள் இரட்டையாகத் தெரிதல், மெல்லவும் விழுங்கவும் கை களைப்பது போலவே களைத்தல்: நரம்பு மருத்துவரைக் காண வேண்டும். விழுங்குவதோ மூச்சுவிடுவதோ கடினமானால் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

களைப்புடன் வெளிறிய தோற்றம், படியேறினால் மூச்சிரைப்பு, காரணமின்றி எடை குறைதல்: இரத்தப் பரிசோதனை தேவை.

விளையாடும் பெண்பிள்ளைகளுக்கு மூன்று மாதங்களாக மாதவிடாய் வராமல் இருத்தல்: இது கடும் பயிற்சியின் நற்சான்று அன்று. பெற்றோரும் பயிற்சியாளரும் கூச்சமின்றிக் கேட்டு, மருத்துவரிடம் அழைத்து வர வேண்டும்.

உடன் இருப்பவர்களுக்கு ஒரு சொல்

புற்றுநோய்ச் சிகிச்சை, சிறுநீரக நோய், இதயத் தளர்ச்சி, முடக்குவாதம் ஆகியவற்றில் வரும் களைப்பு, உறங்கி எழுந்தாலும் எளிதில் போவதில்லை. 'கொஞ்சம் முயற்சி செய்தால் என்ன?' என்று கேட்பதற்கு முன், 'நாளின் எந்த நேரத்தில் கை ஒத்துழைக்கிறது? எத்தனை முறைக்குப் பிறகு தளர்கிறது?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையைக் குறித்து வந்து எங்களிடம் காட்டுங்கள். பல சோதனைகள் சொல்லாததை அந்தக் குறிப்பு சொல்லிவிடும்.

அந்தப் பேத்தியும் அம்மாச்சியும் இன்றும் ஒன்றாகவே வருகிறார்கள். அம்மாச்சியின் அளவு 16 கிலோவை எட்டியுள்ளது. 18-க்கு இன்னும் இரண்டு குறைகிறது. முட்டை இப்போது இருவருக்கும் அவிகிறது. சென்ற முறை வந்தபோது, அழுத்துமானியை மேசையில் வைத்துவிட்டு, தம் துணியைத் தாமே பிழிந்துகொள்வதாக அம்மாச்சி எங்களிடம் சொன்னார். நடுவில் இருமுறை நிறுத்திக் கையை உதறிக்கொள்வதாகவும், அதைப் பேத்திதான் கற்றுக்கொடுத்தாள் என்றும் சொன்னார்.